ஒன்பது நாள் செல்லும் டிக்கெட்

ஜூலை 11, வியாழன்

நாயகம் இன்று இரண்டு டிக்கெட் கொண்டுவந்தான். சித்திர மியூசியமும் ஆற்றில் படகு சவாரியும் சேர்ந்த டிக்கெட், தலைக்கு ஒன்று. முதல் வாசலில் காட்டுகிற நாளிலிருந்து ஒன்பது நாள் செல்லும். அதற்குள் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். போனிலேயே இருக்கிறதாம், இருந்தாலும் எனக்குக் காகிதம் கையில் இருந்தால்தான் நம்பிக்கை என்று தெரிந்து அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறான்.

"ஆறு மாசமா உன்னைய எங்கயும் கூட்டிட்டுப் போகலைம்மா. நாளைக்கு லீவு போட்டுட்டேன். காலைல மியூசியம், மத்தியானம் படகு. முடிச்சிருவோம்."

முடிச்சிருவோம் என்கிறான், பல் பிடுங்கப் போகிறவன் மாதிரி.

ஜனவரியில் பனிக்குள் வந்து இறங்கினேன். 22ஆம் தேதி திரும்புகிறேன். சிகாகோவில் இருபத்து மூன்றாவது மாடியில் ஆறு மாதம். மருமகள் யாழினி டல்லாஸில் ப்ராஜெக்டில் இருக்கிறாள். நான் வருவதற்கு முன்பே போனவள். சனி ஞாயிறு வருவாள் என்றான், பிறகு வேலை அதிகம் என்றான், பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். எங்கள் வேலைக்கு ஒரே விதி. காதில் விழும், விழுந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. யார் வீட்டில் சண்டை, யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் ஊரைவிட்டு ஓடப் போகிறார்கள் எல்லாம் என் காது வழியாகத்தான் போயின. மறுநாள் கடைவீதியில் எதிரே வந்தால் "சௌக்கியமா?" என்று மட்டும் கேட்பேன்.

அந்த விதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் போலிருக்கிறது. இவன் அப்பா போனபோது இவனுக்குப் பன்னிரண்டு வயது. போர்வைக்குள் அழுவது எனக்குக் கேட்கும். காலையில் இரண்டு பேரும் சட்னியைப் பற்றிப் பேசுவோம்.

படகில் ஒன்றே கால் மணி நேரமாம். நடுவில் இறங்க முடியாது. அவனும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போக முடியாது. அங்கே வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

எதை என்று எழுதக் கை வரவில்லை. யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். ஆவணி பதினாலாம் தேதி நான் ஆவுடையப்பன் சாரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். எனக்கு அறுபத்தொன்று, அவருக்கு அறுபத்தைந்து. "மகனிடம் நேரில் சொல்லிவிட்டு வருகிறேன், சொல்லாமல் செய்யமாட்டேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், மனசுக்குள்.

ஜூலை 12, வெள்ளி

மியூசிய வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள், உடம்பெல்லாம் பச்சை பிடித்து நிற்கின்றன. டிக்கெட்டைக் காட்டி உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகவில்லை, நாயகத்தின் போன் அடித்தது. அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

"அம்மா, சர்வர் படுத்துருச்சு. போயே ஆகணும். நீ பாத்துட்டு இரு. ரெண்டு மணிக்குச் சிங்கத்துகிட்ட வந்துரு, மூணு மணிப் படகுக்குப் போயிருவோம்."

"போயிட்டு வா" என்றேன்.

படம் பார்க்க எனக்கென்ன தெரியும் என்று நினைத்திருந்தேன். போன புரட்டாசியில் வலது கண்ணுக்குப் புரை எடுத்தது. இடது கண் இன்னும் பழைய கண்தான். வலது கண்ணால் பார்த்தால் நீலம் நீலமாக இருக்கிறது, இடது கண்ணுக்கு எல்லாமே டீயில் முக்கி எடுத்த மாதிரி. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு மியூசியம். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் என்னைப் பார்த்துவிட்டு அவர்களும் கண்ணை மூடி மூடிப் பார்த்தார்கள்.

பெரிய படங்களுக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். ஒரு மூலையில் சின்னப் படம் ஒன்று தனியாகக் கிடந்தது. சமையலறை மேசை, மேலே இரண்டு கோப்பைகள். ஒரு நாற்காலி ஒழுங்காக இருக்கிறது, இன்னொன்று பின்னால் இழுத்துவிடப்பட்டிருக்கிறது. ஆள் யாரும் இல்லை. எதிரே பெஞ்சு இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன் போல. காவலுக்கு நின்ற பெண், தாட்டியான கறுப்பினப் பெண், பக்கத்தில் வந்து பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்: யாரோ எழுந்து போய்விட்டார்களா, இல்லை இனிமேல்தான் வரப்போகிறார்களா?

அவள் சிரித்தாள். "ஆறு வருஷமாக இந்த அறையில் நிற்கிறேன். வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் எட்டு மணி நேரம் நிற்க முடியுமா, அம்மா?"

இரண்டு மணிக்குச் சிங்கத்தடிக்கு வந்தேன். எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்தேன், உள்ளே சாப்பிடவிடமாட்டார்கள். படியில் உட்கார்ந்து என் பங்கைச் சாப்பிட்டேன். மூன்றரைக்கு போன் வந்தது. "சாரிம்மா. நீ டாக்ஸில போயிரு, நான் புக் பண்ணுதேன்." அவன் பங்கு சாதத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரவு அதைச் சூடு பண்ணித் தின்றான். நல்லா இருக்கு என்றான்.

ஜூலை 13, சனி

மழை. படகு மழையிலும் ஓடுமாம். நாயகம்தான் ஓடவில்லை, பகல் மூன்று மணிவரை தூங்கினான்.

ஜூலை 14, ஞாயிறு

துணி துவைத்தேன். மிஷின்தான் துவைக்கிறது, மடிப்பது நான். பன்னிரண்டு சட்டை, எல்லாம் இவனுடையது.

ஜனவரியில் யாழினிக்கென்று நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுக் கொண்டுவந்தேன். கல்யாணமான புதிதில் வந்திருந்தபோது மூன்று நாளில் ஒரு பாட்டிலைக் காலி செய்தவள் அவள். மூடியில் நான் சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரியாமல் அலமாரியில் நிற்கிறது. வந்தால் சாப்பிடுவாள். ஊறுகாய்தானே, கெடாது.

சாயங்காலம் பால்கனியில் நின்று யாருடனோ போன் பேசினான். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது, வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பேச்சு போகிற போக்கு தெரிந்தது. டிரங்க் கால் காலத்தில் சிலர் மூன்று நிமிஷம் பதிவு செய்துவிட்டு, பேச ஒன்றுமில்லாமல் முழு மூன்று நிமிஷமும் லைனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு நான் "நேரம் முடிந்தது, நீட்டிக்கவா?" என்று கேட்டதே இல்லை.

உள்ளே வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். இதுதான் சமயம் என்று தோன்றியது.

"நாயகம்."

"சொல்லும்மா." கண் திரையில்தான்.

"ஒண்ணு கேக்கணும்."

"ம்."

"ராத்திரிக்குத் தோசையா சப்பாத்தியா?"

"தோசை" என்றான்.

நான் ஒரு கோழை. எழுதி வைக்கிறேன், இருக்கட்டும்.

ஜூலை 15, திங்கள்

காலை எட்டு மணிக்கு சார் பேசினார். ஊரில் அப்போது மாலை ஆறரை.

"மேடம், சாப்டீகளா?"

"ஆச்சு சார். நீங்க?"

"இனிமேத்தான். கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லாத் தெரியுது. படமாப் பாத்துட்டு வந்தேன்."

"சரி, சரி" என்றார். மகனிடம் சொல்லியாயிற்றா என்று அவர் கேட்கமாட்டார். பிறகு, "இருபத்து நாலாந்தேதி மதுரை ஏர்போர்ட்டுக்கு நான் வரவா, வேண்டாமா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும். வேன்காரன்கிட்டச் சொல்லணும்" என்றார்.

"சொல்லுதேன் சார்."

"அவருகிட்டப் பேசிட்டீகன்னா போன் பண்ணுங்க. பேசலைன்னாலும் பண்ணுங்க. சும்மா பண்ணுனாலும் தப்பில்ல."

பேசி முடித்தபோது சரியாக மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. இந்தப் பழக்கம் எனக்குப் போகாது.

இவரை எனக்குத் தெரிந்ததே வங்கி வரிசையில்தான். பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகப் போய்க் காட்ட வேண்டும். விரலை மிஷினில் வைத்தால் ரேகை விழ வேண்டும். எனக்கு விழவில்லை. நான்கு தடவை வைத்தும் எனக்கு உயிர் இல்லை என்றது மிஷின். பின்னால் நின்றவர், மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், "சூடா ஒரு டீ கிளாசைப் பிடிச்சிட்டு வந்து வைங்க மேடம், விழும்" என்றார். எதிர்க்கடையில் டீ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். வந்து வைத்தேன், விழுந்தது.

கண் ஆபரேஷனுக்கும் அவர்தான் கூட வந்தார். நாயகத்திடம் பக்கத்துத் தெருக்காரர் என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரி படிவத்தில் 'உடன் வந்தவர்' என்றும் 'உறவு' என்றும் கட்டம் இருந்தது. "அண்ணன்னு போட்டிருங்க சார்" என்றேன். பேனாவை எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "அண்ணன்னு நான் எழுதமாட்டேன் மேடம்" என்றார். பிறகு 'தெரிந்தவர்' என்று எழுதினார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

இன்று படகு ஏறினேன். ஏறிய விதத்தை எழுத வேண்டும்.

நாயகம் காலையிலேயே சொல்லிவிட்டுப் போனான். "நாலு மணிப் படகும்மா. ஆபீஸ்லேருந்து நடந்தே வந்துருவேன், எட்டு நிமிஷம். நீ முன்னாடி போயி ஏறி இடம் பிடி. மேல் தட்டுல சீட்டு நம்பர் கிடையாது." மூன்றரைக்கே பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். மேல் தட்டில், கம்பி ஓரமாக, நல்ல இடம். நான் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் என் கைக்குட்டையை விரித்துப் போட்டேன். நம்மூரில் பஸ் ஜன்னல் வழியாக ஒரு துண்டை வீசிவிட்டால் போதும், கலெக்டரே வந்தாலும் அந்த இடத்தில் உட்காரமாட்டார்.

மூன்று ஐம்பத்தைந்து. தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் வந்தார். குனிந்து கைக்குட்டையை எடுத்தார். நான்காக மடித்தார். "உங்களுடையது விழுந்துவிட்டது" என்று சிரித்தபடி என் கையில் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்தார்.

அவர் அவ்வளவு மரியாதையாகக் கொடுத்தார். "தேங்க்யூ" என்றேன்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு போன். "அம்மா, மீட்டிங் இழுத்துட்டே போகுது. ஏறிட்டியா? நீ போயிட்டு வாம்மா. வேஸ்ட் ஆக வேண்டாம்." படகு கிளம்பிவிட்டது. நல்லவேளை, இடமும் காலி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் இந்தக் கட்டடம் எந்த வருஷம், அந்தக் கட்டடம் எத்தனை மாடி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் பச்சைத் தண்ணீர். பாலங்களுக்குக் கீழே போகும்போது எல்லோரும் தலையைக் குனிந்தார்கள், தேவையே இல்லை, நானும் குனிந்தேன். பிறகு அவள் ஒன்று சொன்னாள். இந்த ஆறு முன்பு ஏரிக்குள் போய் விழுந்ததாம். சாக்கடை எல்லாம் குடிதண்ணீரில் கலக்கிறது என்று நூறு வருஷத்துக்கு முன்னால் கால்வாய் வெட்டி ஆற்றையே எதிர்ப்பக்கம் ஓட வைத்தார்களாம்.

ஆற்றையே திருப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு வாக்கியம் வாயைவிட்டு வெளியே வரவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. பக்கத்துப் பெரியவர் பக்கம் திரும்பி, தமிழிலேயே சொன்னேன். "நான் கல்யாணம் செஞ்சுக்கப் போறேன்."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலையை ஆட்டினார்.

"அவரு பேரு ஆவுடையப்பன். ரொம்பப் பேச மாட்டாரு. இருபத்து நாலு வருஷம் நான் தனியா இருந்துட்டேன். சாயங்காலம் ஆறு மணி ஆனா வீட்டுல லைட்டைப் போட்டுட்டு எந்த ரூம்ல உக்காரதுன்னே தெரியாது. எல்லா ரூமும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். எம் மகன்கிட்ட இதைச் சொல்லணும், அவ்வளவுதான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் இல்லை. தமிழில் சொல்லிப் பார்க்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. அவர் என் கையிலிருந்த கைக்குட்டையைக் காட்டினார், துடைத்துக்கொள் என்று. பிறகு கட்டடங்களைக் கைகாட்டி, "ஆமாம், மிக அழகுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நாயகம் கேட்டான், "எப்படிம்மா இருந்துச்சு?"

"ஆத்தைத் திருப்பிவிட்டிருக்காங்களாம்" என்றேன்.

ஜூலை 17, புதன்

இன்று ஆடி ஒன்று. ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. ஆக, இன்று பேசாததற்கு ஒரு காரணம் கிடைத்தது.

ஜூலை 18, வியாழன்

பெட்டி கட்டத் தொடங்கினேன். பெரிய பெட்டி நாயகத்தின் அறை அலமாரிக்குள் இருக்கிறது. ஆறு மாதத்தில் இன்றுதான் அந்த அலமாரியைத் திறக்கிறேன். இடது பக்கம் இவன் துணிகள். வலது பக்கம் வெறும் ஹேங்கர்கள், எண்ணிப் பார்க்கவில்லை, நிறைய. டல்லாஸில் வெயில் மண்டையைப் பிளக்கும் என்பார்கள். ஆனாலும் குளிர்கோட்டையும் எடுத்துப் போயிருக்கிறாள். முன்யோசனைக்காரப் பெண்.

பெட்டியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

ஜூலை 19, வெள்ளி

"நாயகம், நாளையோட ஒன்பது நாள் முடியுது. உன் படகு டிக்கெட் அப்படியே கிடக்கு" என்றேன்.

"விடும்மா, போனாப் போகுது."

"வீணாப் போகக் கூடாது. எனக்கு வேற ஒண்ணு வாங்கு. நாளைக்குப் போறோம். சர்வர் படுத்தாலும் சரி, நீ படுத்தாலும் சரி."

இப்படி நான் பேசி ரொம்ப நாளாயிற்று. என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு "சரிம்மா" என்றான்.

ஜூலை 20, சனி

கடைசி நாள், மத்தியானம் பன்னிரண்டு மணிப் படகு. படித்துறையில் பெரிய கூட்டம். என் முழங்கால் படியிறங்க நேரமாகும் என்று அவன் முன்னால் ஓடினான். நான் மெதுவாக ஏறி மேல் தட்டுக்கு வந்தேன். கம்பி ஓரமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்து இருக்கையில் எனக்கு இடம் போட்டிருந்தான். கைக்குட்டை இல்லை, அவன் போனைப் போட்டிருந்தான்.

ஆறு மாதத்தில் அந்தப் போன் அவன் கையைவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. எடுத்து அவனிடம் கொடுத்தேன். அணைத்துப் பைக்குள் போட்டான்.

இரண்டாவது பாலம் வரை நான் வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அம்மா, யாழினி டல்லாஸ்ல இல்ல."

நான் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"இங்கதான் இருக்கா. வேற வீட்டுல. அக்டோபர்லயே போயிட்டா. சண்டைன்னு ஒண்ணும் இல்ல. நான் பேசவே மாட்டேங்கேன்னு சொன்னா. செவுத்தோட எத்தனை வருஷம் இருக்கதுன்னு கேட்டா. டைவர்ஸ் பேப்பர் எல்லாம் கொடுத்தாச்சு."

"தெரியும்டா."

திரும்பிப் பார்த்தான். "எப்படி?"

"ஊறுகாய் திறக்கவே இல்லையே."

"அப்ப ஏம்மா கேக்கல? ஆறு மாசம்! ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்லா?"

காதில் விழுந்ததைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது எக்ஸ்சேஞ்சு விதி, நீ எக்ஸ்சேஞ்சு இல்லை, நீ என் பிள்ளை என்று சொல்லியிருக்க வேண்டும். "தப்புத்தான்" என்று மட்டும் சொன்னேன். அவன் பேசமாட்டான் என்றாளாம் யாழினி. யாரிடமிருந்து கற்றான்?

ஒலிபெருக்கிப் பெண் ஆற்றைத் திருப்பிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்.

"நீ இங்கயே இருந்துரும்மா. கிரீன் கார்டுக்குப் போடுதேன். அங்க உனக்கு யாரு இருக்கா?"

என் பிள்ளை என்னிடம் ஒன்று கேட்டே இருபது வருஷமாகிறது. இப்போது கேட்கிறான், இதைக் கேட்கிறான். சரி என்று சொல்லிவிட்டால் போதும், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவே வேண்டாம். நாக்கு நுனிவரை 'சரி' வந்துவிட்டது. நிஜமாக வந்துவிட்டது.

"அங்க ஒருத்தர் இருக்காரு நாயகம்" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஆவணி பதினாலு, கோயில், பிறகு பதிவு, எல்லாம். முடிக்கும்வரை அவன் குறுக்கே பேசவில்லை.

"உன் கண்ணுல சொட்டு மருந்து விட்டுக்கிட்டு இருந்தாரே, வீடியோ கால்ல. அவரா?"

"அவருதான்."

மூன்று பாலங்கள் போயின. பிறகு சொன்னான், "நான் இங்க ஒத்தையில கிடக்கேன். நீ கல்யாணம்ங்கிற." குரல் உயரவில்லை, அதுதான் என்னைக் குத்தியது. "நல்லா இரும்மா" என்றான். அதை எந்தப் பொருளில் சொன்னான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

படகு கரை சேர்ந்தது. ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். சாருக்குப் போன் பண்ணவில்லை. என்னவென்று சொல்வது?

ஜூலை 21, ஞாயிறு

காலையில் அடுப்படிக்குப் போனபோது நாயகம் மேசையில் உட்கார்ந்து பழைய சாதத்தில் தயிர் ஊற்றித் தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் நார்த்தங்காய் பாட்டில், மூடி திறந்திருந்தது.

"உப்பு கூடிருச்சு" என்றான்.

"ஏழு மாசம் ஊறுனா கூடத்தான் செய்யும்."

எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தான். எதிர் நாற்காலியை நானே இழுத்து உட்கார்ந்தேன். யாழினி நல்லா இருக்காளா என்று கேட்டேன். இருக்காம்மா என்றான். நீ நல்லா இருக்கியா என்று கேட்டேன். இல்லம்மா என்றான். அப்புறம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தான், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கேட்டதெல்லாம் எனக்குக் கேட்டது என்று அவனுக்குத் தெரியும்படி கேட்டேன். அதை இங்கே எழுதமாட்டேன், அது அவனுடையது.

மத்தியானம் சக்கர நாற்காலிக்குப் பதிவு செய்ய லேப்டாப்பை எடுத்தான். என் கால் நடக்கும். ஆனால் நம்மூர் அம்மா அப்பாக்கள் எல்லோரும் இதில்தான் உட்கார்ந்து போகிறார்கள். தள்ளுகிறவர்களே சரியான விமானத்தில் ஏற்றிவிட்டுவிடுவார்கள், பாஷை தெரிய வேண்டாம், வழி தேட வேண்டாம்.

"மதுரைல உன்னையக் கூப்பிட வாரவங்க பேரு கேக்குது."

நான் திரையை எட்டிப் பார்த்தேன்.

"ஆவுடையப்பன். ஸ்பெல்லிங் சரியான்னு பாரு. நம்பர் சொல்லு."

சொன்னேன். அடித்தான். அடுத்து 'உறவு' என்று ஒரு கட்டம். அதைத் தொட்டதும் பட்டியல் விழுந்தது. கணவர் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், நண்பர், மற்றவர்.

"தெரிந்தவர்னு இல்லையாடா?"

"அது இல்லம்மா."

அவன் கை நின்றது. எனக்குக் கிட்டத்தில் படிக்கத்தான் கண்ணாடி வேண்டும். நான் உட்கார்ந்திருந்த தூரத்துக்கு வலது கண்ணே போதும். முதல் வரியை அழுத்தினான்.

"இன்னும் ஆகலையேடா."

"அடுத்த தடவை நீங்க ரெண்டு பேரும் வரும்போது மறுபடியும் யாரு மாத்திக்கிட்டு இருப்பா?" என்றான், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

நாளைக் காலை எட்டு மணிக்கு சாருக்குப் போன் பண்ண வேண்டும். வேன்காரனிடம் சொல்லச் சொல்ல வேண்டும்.

ஜூலை 22, திங்கள்

விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மீதி ஊறுகாயை அவனுக்கே விட்டுவிட்டு வந்தேன். காலையில் சாரிடம் பேசினேன், பதினோரு நிமிஷம். "வாங்க சார்" என்றதும் அவர் வேன்காரன் பெயரை இரண்டு தடவை சொன்னார்.

நாயகத்தைக் கண்ணாடித் தடுப்பு வரைக்கும்தான் விட்டார்கள். நாற்காலி நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன், கையை ஆட்டினான். மறுபடி திரும்பிப் பார்த்தேன், அதே இடத்தில் நின்றான். இனி இருபத்து மூன்றாவது மாடிக்குப் போய்க் கதவைத் திறந்து அவனே விளக்கைப் போட வேண்டும். ஆறு மணிக்கு எந்த அறையில் உட்காருவான்?

தள்ளிக்கொண்டு வந்த பெண், இடுப்பு வாரைப் போடட்டுமா, அவசியம் இல்லைதான் என்றாள். போடு என்றேன். என் காலுக்கு ஒன்றும் இல்லை. வார் இல்லாவிட்டால் எழுந்து அவனிடமே ஓடிவிடுவேன், அதற்காகத்தான் போட்டுக்கொண்டேன்.